கையுறைக்குள் வெள்ளை டேப்

இன்று காலை எங்கள் கடை வேனின் பக்கவாட்டிலிருந்து இருபத்தேழு என்ற எண்ணைச் சுரண்டி எடுத்தேன். வேனை வாங்கியிருக்கும் குழாய் வேலைக்காரன் அந்த எண் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "சிக்னல்ல நிக்கிறப்பல்லாம் கண்ணாடியைத் தட்டி, இல்க்கா எப்படி இருக்கான்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் அவன் மூஞ்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு சுலபமாக உரிந்து வந்துவிட்டது. இரண்டு அசையவே இல்லை. தலை காயவைக்கும் கருவியால் சூடுபண்ணி, நகத்தால் பிய்த்து, நகம் உடைந்து, கடைசியில் அந்த வேனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வேன் என்ன பாவம் செய்தது.

திட்டவேண்டியது என்னைத்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரௌனோ. லெப்பாரந்தா ஐஸ் ஹாக்கி அணியில் இருபத்தாறு வருஷம் சாமான் பார்த்தவன். சாமான் பார்ப்பது என்றால் ஸ்கேட் பிளேடு தீட்டுவது, மட்டைகளுக்கு டேப் சுற்றுவது, இருபத்திரண்டு ஆம்பளைகளின் வியர்வை நாற்றத்தைத் துவைத்துக் காயப்போடுவது, உடைந்த பல்லைக் களத்திலிருந்து பொறுக்கிக் காகிதக் கோப்பையில் போட்டு வைப்பது. வெற்றிக் கோப்பையைக் கையில் தூக்கிக் காட்டும்போது பேர் வாங்குபவன் வேறு ஆள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் ஆட்டம் நன்றாகத் தெரியும்.

இல்க்கா சாரெல்மா எங்கள் அணிக்கு வந்தபோது அவனுக்கு இருபது வயது. தடுப்பாட்டக்காரன். பெரிய திறமைசாலி என்று பொய் சொல்லமாட்டேன். வேகம் சுமார்தான். ஆனால் கோலை நோக்கி வரும் வட்டுக்கு முன்னால் குப்புற விழுவான். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கெட்டி ரப்பர் அது. புத்தியுள்ளவன் ஒதுங்குவான், இவன் விழுவான். ஊரே அவனைக் கொண்டாடியது அதற்காகத்தான்.

அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் கோல்கீப்பர் கோல் வாங்கிவிட்டால், மற்றவர்கள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சுக்கு வருவார்கள். இல்க்கா மட்டும் நேரே கோல்கீப்பரிடம் போய், அவன் முழங்கால் கவசத்தை மட்டையால் இரண்டு தட்டு தட்டுவான். "விடு. அடுத்தது பாத்துக்கலாம்" என்பான். எத்தனை கோல் வாங்கினாலும் இரண்டு தட்டு உண்டு. ஒன்பது கோல் வாங்கிய ஒரு ஆட்டத்தில் பதினெட்டுத் தட்டு தட்டினான்.

அவனுக்கு இருபத்துநான்கு வயதில் முதல் அடி விழுந்தது. பக்கச்சுவரில் தலை மோதி, எழுந்து நின்று, எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அணி டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து ஐந்து கேள்விகள் கேட்டார். எந்த அரங்கத்தில் ஆடுகிறோம், ஆட்டத்தின் மூன்று பகுதியில் இது எத்தனையாவது, கடைசி கோல் அடித்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. இல்க்காவுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. மூன்று வாரம் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த மூன்று வாரத்தில் அவன் இடத்தில் வேறொருவன் நன்றாக ஆடிவிட்டான். அடுத்த வருஷத்துக்கு இல்க்காவை வைத்துக்கொள்வார்களா என்றே சந்தேகமாகிவிட்டது.

அப்புறம் ஒருநாள் நான் ஸ்கேட் தீட்டிக்கொண்டிருந்தபோது அவன் என் அறைக்கு வந்தான்.

"கிழவா," என்றான். அப்போது எனக்கு நாற்பத்தொன்று. அணியில் எல்லோருக்கும் நான் கிழவன்தான். "அந்த அஞ்சு கேள்வியும் எப்பவும் அதேதானா?"

"பதினஞ்சு வருஷமா அதே அட்டைதான். காபிக்கறை கூட மாறல."

"அப்ப பதிலை எழுதி வச்சுக்கலாம்ல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். பையன் விளையாட்டுக்குப் பேசவில்லை. ஆடாவிட்டால் அவன் செத்துப்போவான் என்று எனக்குத் தோன்றியது. மட்டைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்தேன். அன்றைய அரங்கம், போன ஆட்டத்தின் எதிரணி, வெற்றியா தோல்வியா என்று பேனாவால் எழுதினேன். அவனுடைய இடதுகைக் கையுறையின் உள்விளிம்பில் ஒட்டினேன். கையுறையை லேசாகத் திருப்பினால் படிக்கலாம்.

மீதி இரண்டு கேள்விக்கு நானே விடையாக நின்றேன். டாக்டர் குனிந்து கேட்கும்போது அவருக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில்களோடு நிற்பேன். எத்தனையாவது பகுதி என்பதை விரலில் காட்டுவேன். கடைசி கோல் அடித்தவனின் சட்டை எண்ணையும் விரலிலேயே காட்டுவேன். இல்க்கா என்னைப் பார்ப்பான், சொல்வான், டாக்டர் தலையாட்டுவார், அவன் மறுபடி களத்துக்குள் குதிப்பான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் டேப் எழுதினேன். அவன் அதைப் பார்க்கவேண்டி வந்தது பதினோரு தடவை. நான் எண்ணியிருக்கிறேன். எனக்கு அப்போது அது குற்றமாகத் தெரியவில்லை. பெருமையாகத் தெரிந்தது. வெண்கலப் பதக்கம் வாங்கிய அந்த ஆட்டத்தில், மூன்றாம் பகுதியில் அவன் தள்ளாடியபடி எழுந்து, கையுறையைப் பார்த்து, டாக்டருக்குப் பதில் சொல்லி, திரும்பப் போய், கடைசி நிமிஷத்தில் வட்டுக்கு முன்னால் விழுந்து எங்களைக் காப்பாற்றினான். அந்தப் பதக்கத்தில் பாதி என்னுடையது என்று குடித்துவிட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

முப்பத்துமூன்று வயதில் முழங்கால் போய்விட்டது என்று ஓய்வு பெற்றான். அவன் சட்டை எண் இருபத்தேழை எழுதிய துணியை மரியாதைக்காக அரங்கத்துக் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். ஆட்டம் முடித்தவர்கள் வீடு விற்பார்கள், காப்பீடு விற்பார்கள், டிவியில் உட்கார்ந்து மற்றவனைக் குறை சொல்வார்கள். இல்க்கா அடுப்பு விற்கப்போகிறேன் என்றான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் நீராவிக் குளியலறைக்கு, சௌனாவுக்கு, விறகடுப்பு.

"ஏன்டா அடுப்பு?"

"பதிமூணு வருஷம் பனியில நின்னாச்சு. மீதிக் காலத்தைச் சூட்டுல ஓட்டலாம்னுதான். வர்றியா கிழவா?"

போனேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய பெட்ரோல் பங்கைக் கடையாக்கினோம். அவன் மனைவி மெர்வி பள்ளியில் கணக்கு ஆசிரியை. கடைக் காகிதங்களை எல்லாம் அவள்தான் பார்த்தாள். வேனில் இருபத்தேழு ஒட்டினோம். முதல் வருஷம் வந்த பாதிப்பேர் அவன் கையைக் குலுக்க வந்தவர்கள்தான். வந்த வெட்கத்துக்கு ஒரு அடுப்பும் வாங்கிப்போனார்கள். ஆனால் அடுத்த வருஷங்களில் வந்தவர்கள் வேலைக்காக வந்தார்கள். அவன் வேலை சுத்தம். அடுப்பின் இடது காலைத்தான் முதலில் ஊன்றுவான், ஆடும்போது இடது ஸ்கேட்டை முதலில் மாட்டிய அதே பழக்கம். புகைக்குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் நெருப்புத் தாங்கும் பஞ்சை ஒரு விரல் இடைவெளி இல்லாமல் திணிப்பான். சௌனா எரிந்துபோவது எல்லாம் அந்த இடத்தில்தான்.

எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் வைத்தான். எந்த வீட்டில் அடுப்பு வைத்தாலும், முதல் சூட்டில் அவன் தனியாக உள்ளே உட்காருவான். ஆவி எழ, அடுப்பின் மேல் காயும் கல்லில் முதல் அகப்பைத் தண்ணீரை அவன்தான் ஊற்றுவான். இருபது நிமிஷம் கழித்துச் சிவந்துபோய் வெளியே வந்து, "இனிமே உங்க வீட்டுச் சௌனா" என்பான். வேறு உத்தரவாதக் காகிதம் எங்கள் கடையில் யாரும் கேட்டதில்லை. தான் உட்கார்ந்து பார்க்காத சூட்டில் அவன் யாரையும் உட்காரவிட்டதில்லை.

ஒன்பது வருஷம் அப்படி ஓடியது. என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் எவை என்று கேட்டால் கப், பதக்கம் எதையும் சொல்லமாட்டேன். அந்த ஒன்பதைச் சொல்வேன்.

பிறகுதான் சின்னச் சின்னதாகத் தொடங்கியது. ஒருநாள் கடையில் காபி அடிப்பிடித்துக் கருகி நாறிக்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தால், இவன் அதையே இரண்டாவது கோப்பை குடித்துக்கொண்டிருந்தான். "எப்படிடா குடிக்கிற?" என்றேன். "ஏன், எப்பவும் போலதான இருக்கு" என்றான். வாசனை பிடிக்கும் சக்தி அவனை விட்டுப் போயிருந்தது. தலையில் அடிபட்டவர்களுக்கு அப்படி ஆகும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்று கேலி செய்தேன்.

பிறகு சொன்ன ஜோக்கையே சொன்னான். பத்துத் தடவை போன வீட்டுக்கு வழி கேட்டான். மெர்வி ஒருநாள் அவன் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்கு வந்தாள்.

"ரௌனோ, மறைக்காம சொல்லுங்க. கடையில இவன் எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான்."

"நேத்து நாய்க்கு மூணு தடவ சோறு வச்சான். நாய்க்குச் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் போச்சு."

"இதுக்குப் போயா? நானே எங்க வீட்டு நாய்க்கு ரெண்டு தடவ வச்சிருக்கேன்."

"உங்ககிட்ட நாய் இல்லையே ரௌனோ."

சிரித்து மழுப்பினேன். அவளிடம் உண்மையைச் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவாள். டாக்டர் ஏன் என்று தேடுவார். தேடினால் அந்தக் கையுறை வரை வந்துவிடும். அந்தப் பயம்தான் எனக்கு. அவன் மேல் இருந்த பாசத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் வேலை முடித்ததும், கடை ஆல்பத்துக்குப் படம் எடுக்கிறேன் என்று சொல்லி டார்ச்சோடு மேலே ஏறி எல்லாவற்றையும் சரிபார்ப்பேன். ஆணி விட்டுப்போயிருந்தால் அடிப்பேன். பஞ்சு குறைந்திருந்தால் திணிப்பேன். பிறகுதான் அடுப்பு பற்றவைக்கப்படும். ஒரு வருஷம் அப்படி ஓட்டினேன். மறுபடியும் அவனுக்குப் பின்னால் நின்று விடை காட்டிக்கொண்டிருந்தேன், வேறென்ன.

போன பிப்ரவரியில் ஐலி ஹோல்ப்பா வீட்டில் அடுப்பு வைத்தோம். ஐலி பள்ளிச் சமையற்காரி. ஊரில் பாதிப்பேர் அவள் போட்ட சோறு தின்று வளர்ந்தவர்கள். ஒரு ஆட்டம் விடாமல் அரங்கத்துக்கு வந்தவள். இல்க்காவுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்து அனுப்பிய காலமும் உண்டு. அவன் சௌனாவுக்குள் வேலை முடிக்கும் நேரம் அவள் என்னை அடுக்களையில் உட்காரவைத்து, ஏலக்காய் பன்னும் காபியும் வைத்தாள்.

"அந்த வெண்கல ஆட்டத்துல கடைசி நிமிஷம் விழுந்தானே, அப்ப நீங்க எங்க நின்னீங்க ரௌனோ?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மூளை நின்றுவிடும். முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்தேன். பன்னைத் தட்டில் நகர்த்தி நகர்த்தி யார் எங்கே நின்றார்கள் என்று காட்டினேன். படம் எடுக்க மேலே ஏறவேண்டும் என்பது என் நினைவிலேயே இல்லை. பத்து வருஷத்துக்கு மேலான ஆட்டம் ஒவ்வொரு நொடியாக ஞாபகம் இருந்தது, கையில் வைத்திருந்த வேலை மறந்துவிட்டது.

ஐலி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "புகை இவ்வளவு கறுப்பா வருமா?" என்றாள்.

தோட்டத்துக் கோடியில் இருந்த சௌனாவின் கூரை ஓரத்திலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. புகைபோக்கி வழியாக அல்ல, கூரை ஓரத்திலிருந்து. பனியில் விழுந்து எழுந்து ஓடினேன். கதவைத் திறந்தால் உள்ளே கூரையிலிருந்து பாதி உயரம் வரை புகை. இல்க்கா கீழ்ப்படியில் அம்மணமாக உட்கார்ந்து, கையில் அகப்பையோடு, நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தான்.

"இல்க்கா, வெளிய வாடா."

"இன்னும் இருபது நிமிஷம் ஆகல கிழவா."

"எரியுதுடா."

"அடுப்புன்னா எரியத்தான் செய்யும்," என்று சிரித்தான். அவனுக்கு நாற்றமே தெரியவில்லை. கண்ணை மூடியிருந்ததால் புகையும் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பனியில் தள்ளினேன். கொஞ்சநேரத்தில் கூரைப் பலகை உள்ளே சரிந்தது, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில். ஒரு போர்வைக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீயணைப்பு வண்டி வந்தபோதும் எரிவது தன் வேலை என்று அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐலி கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். "சௌனாதானே, திரும்பக் கட்டிக்கலாம். ஆள் பொழைச்சானே," என்றாள். பிறகு என்னை ஓரமாக அழைத்தாள். "ரௌனோ, ஒண்ணு சொல்லட்டா. நீங்க வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் அவன் தனியா வந்து அளந்துட்டுப் போனான். மூணு நாளும் கதவைத் தட்டி, கையை நீட்டி, நான் இல்க்கா, அடுப்புக்கு அளவெடுக்க வந்தேன்னான். எனக்கா இவனைத் தெரியாதுன்னு விளையாட்டுக்குப் பண்றான்னு நெனைச்சு சிரிச்சேன்."

அவனுடைய வேலைக் கையுறைகள் சௌனா வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்தேன். இடதுகைக் கையுறையின் உள்விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து இல்லை, அவனுடையது. கோணல்மாணலாக இப்படி எழுதியிருந்தான்: "ஐலி. பள்ளிச் சமையல். காலுறை தந்தவள். பஞ்சு வைக்க மறக்காதே."

விடை அவன் கையிலேயே இருந்திருக்கிறது. கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அதைப் பார்க்கவேண்டும் என்பது மறந்துவிட்டது. எத்தனை நாளாக இப்படி எழுதி ஒட்டிக்கொண்டு எனக்கும் தெரியாமல் சமாளித்திருக்கிறான். நான் அவனுக்குத் தெரியாமல் சரிபார்க்க, அவன் எனக்குத் தெரியாமல் எழுதிவைக்க, இருவரும் சேர்ந்து ஒரு ஆளைக் கொன்றிருப்போம். முதல் சூட்டில் தான் உட்காரவேண்டும் என்பதையும் அவன் மறந்திருந்தால், அன்று உள்ளே ஐலி உட்கார்ந்திருப்பாள். ஐலி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். தீயணைப்பு வீரர்கள் புகையால் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை மெர்வி யாரையும் கேட்கவில்லை. நினைவாற்றலைச் சோதிக்கும் மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டாள். மார்ச் மூன்றாம் வாரம். அதுவரை கடை பூட்டியிருக்கும், சோதனையில் தேறினால் திறக்கலாம் என்று சொல்லிவிட்டாள். இல்க்கா வர ஒத்துக்கொண்டான். கிழவனும் வந்தால்தான் வருவேன் என்று ஒரே ஒரு நிபந்தனை.

குறித்த நாள் காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனை வாசலில் வேனை நிறுத்தினேன். மெர்வி தன் காரில் முன்னாலேயே போய்விட்டிருந்தாள். இல்க்கா தோல் கையுறையைக் கழற்றி என் மடியில் வைத்தான். பிறகு வேனின் முன்தட்டில் கிடந்த டேப் உருளையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"எழுது."

"என்னத்தடா எழுத?"

"என்ன கேப்பாங்கன்னு உனக்குத் தெரியும்ல. மாசம், வருஷம், கெழமை, ஊரு. அதையெல்லாம் எழுதி ஒட்டிடு. நான் எழுதுனா எனக்கே படிக்க வரல கிழவா."

நான் உருளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"தேறலைன்னா கடை போயிடும்," என்றான். அவன் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "ஆட்டமும் போச்சு. கடையும் போச்சுன்னா, காலையில எந்திரிச்சு நான் எங்க போறது? சொல்லு. நீ எங்க போவ?"

நான் எங்கே போவேன் என்பதையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. டேப்பைக் கிழித்தேன். பேனாவைத் திறந்தேன். நாலு வார்த்தை எழுதினால் போதும்; கடை திறக்கும், திங்கட்கிழமை காலை இருவரும் காபி குடிப்போம். எத்தனையோ தடவை எழுதிய கை, அதற்கு யோசிக்கவே தேவையில்லை. பிறகு ஐலியின் கூரை சரிந்த இடம் கண்ணில் வந்தது. நான் அவன் பக்கமிருந்து திரும்பி உட்கார்ந்து, எழுதுவது போல் கையை அசைத்து, வெறும் டேப்பைக் கையுறைக்குள் ஒட்டி அழுத்தினேன்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்," என்று கையுறையை வாங்கிக்கொண்டான்.

டாக்டர் நீனா சின்னப் பெண். முப்பது வயதிருக்கும். அவள் அறையில் பிர்ச் மரங்களைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. இல்க்கா அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில். மெர்வி சுவரோரம். இல்க்கா கையுறைகளை மடியிலேயே வைத்திருந்தான். அவள் வெளியே தொங்கவிடச் சொன்னபோதும், கை குளிருது என்று சொல்லித் தரவில்லை.

"சும்மா சின்னக் கேள்விதான் இல்க்கா. அவசரமில்ல, மெதுவா சொல்லுங்க. இது என்ன மாசம்?"

இல்க்கா லேசாகச் சிரித்தான். ஆட்டக் காலத்துச் சிரிப்பு அது. குனிந்து, இடதுகைக் கையுறையின் விளிம்பைக் கட்டைவிரலால் திருப்பினான். பார்த்தான். கையுறையை வெளிச்சத்துக்குக் காட்டி மறுபடி பார்த்தான். மற்றக் கையுறையையும் திருப்பிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவனுக்கு என்னை நினைத்துக் கவலை வந்துவிட்டது.

"கிழவா," என்றான் மெதுவாக. "எழுத மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"மறக்கல," என்றேன். "எழுதல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன எழுதல?" என்றாள்.

சொன்னேன். அட்டையிலிருந்த ஐந்து கேள்விகளையும், டேப்பையும், டாக்டருக்குப் பின்னால் நின்று காட்டிய விரல்களையும், பதினோரு தடவையையும் சொன்னேன். எந்த ஊரில், எந்தப் பகுதியில், எந்தப் பக்கம் அடி விழுந்தது என்று எல்லாமே எனக்கு ஞாபகம் இருந்தது. டாக்டர் குறித்துக்கொண்டே வந்தாள். வெண்கல ஆட்டத்தை முதல் தடவையாக அது நடந்தபடியே சொன்னேன். அன்று அவன் தள்ளாடி எழுந்தபோது அவனுக்கு நான் யார் என்றே தெரியவில்லை. "நீ யாரு?" என்று கேட்டான். நான் கையுறையைத் திருப்பிக் காட்டினேன். இதை நான் எந்தக் குடியிலும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் முடித்ததும் மெர்வி என் பக்கம் திரும்பினாள்.

"நான் வீட்டுல டிவியில பாத்துட்டிருந்தேன்," என்றாள். "இவன் விழுந்து எந்திரிக்கிறப்பல்லாம் கை தட்டுனேன் ரௌனோ. கைக்குழந்தையா இருந்த எங்க பாப்பாவைத் தூக்கி வச்சுக்கிட்டு, பாரு அப்பா எந்திரிச்சுட்டாருன்னு கை தட்டுனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தன் நாற்காலியை எடுத்து என்னிடமிருந்து இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"அவனை ஒண்ணும் சொல்லாத மெர்வி," என்றான் இல்க்கா. "நான்தான் எழுதச் சொன்னேன். நான் கேக்காம இவன் ஒரு நாளும் எழுதல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அப்போது அவன் கை என் முழங்காலில் விழுந்தது. ஒரு தட்டு. பிறகு இன்னொரு தட்டு.

"விடு," என்றான். "அடுத்தது பாத்துக்கலாம்."

டாக்டர் புதுத் தாளைப் புரட்டிக்கொண்டு, முதலில் கேட்ட அதே குரலில் மறுபடி கேட்டாள்.

"இல்க்கா, இது என்ன மாசம்?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே கிடந்த பனியை நெடுநேரம் பார்த்தான். அவன் கை இன்னும் என் முழங்காலில்தான் இருந்தது.

"அக்டோபர்," என்றான். "சீசன் ஆரம்பிக்குது."